டாக்டர் சவுந்தரம் அம்மையாரின் பொதுவாழ்வு

மதுரையில் டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தை அறியாதார் இலர். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாக 1904-இல் பிறந்தவர் சவுந்தரம் அம்மையார். செல்வர் மனையில் பிறந்தமை அவரைக் காக்கவில்லை. சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பெற்றார். மருத்துவரான கணவர் 1925-இல், பிளேக் நோய்க்கு இரையானார். இருபது வயதைக் கடந்த கைம்பெண்ணுக்கு அக்காலத்து உயர்குடி வீடுகள் ஒதுக்கிய மூலை எது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்மையாரோ அம்மூலையில் ஒடுங்கினாரில்லை. தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார்.

ஜி. ராமச்சந்திரன் கேரளத்தவர், வேறு சாதியினர், காந்தியடிகளின் அணுக்கத் தொண்டர். இவர்கள் இருவரும் மணம் புரிய விழைந்தபோது, ஓராண்டு பிரிந்திருந்து பாருங்கள் என்றார் அடிகள். பிரிவு அவர்தம் உறுதியைக் குலைக்கவில்லை. 1940-இல் சேவாகிராமத்தில் அடிகள் முன்னிலையில் மணம் நிகழ்ந்தது. கைம்பெண் மறுமணம் நம் வாசகர்க்கு வியப்பளிக்கும் செய்தியன்று. எனினும் அக்காலத்து அக்ரகாரத்துக்கு அஃது இடியோசையே.

கஸ்தூரிபா அம்மையார் 1944-இல் மறைந்தபின் எழுந்த நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பணி இவரிடம் வந்தது. 1947-இல், மதுரை–திண்டுக்கல் நெடுஞ்சாலையை அடுத்த சின்னாளபட்டியருகே, சிறுமலை அடிவாரத்தில் தம்பதியர் காந்திகிராமத்தை நிறுவினர். சின்னாளபட்டியில் அம்மையார் வைத்த சிறு மருத்துவ நிலையமே அவருடைய அரசியலுக்கும் வேர் என்பது நம் கருத்து. 1952-இல் காங்கிரஸ் வேட்பாளராக அவர் சட்டமன்றத்துக்கு வென்ற ஆத்தூர்த் தொகுதி அவ்வட்டாரத்ததே. 1957-இல் வேடசந்தூரிலும், 1962-இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்றார். (பின்னாளில் மதுரை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டுச் சில காலம் காயிதே மில்லத் பெயர் தாங்கிய மாவட்டம் இதுவே.) அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார், மத்திய அரசில் கல்வித் துணையமைச்சராகவும் அமர்ந்தார்.

பதவி எளிதாயிருக்கவில்லை. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மூண்ட இந்தி எதிர்ப்புக் கலவரம் மாநிலமெங்கும் பரவிற்று. தாம் வளர்ந்த வட்டாரத்தின் மாணவர் வீதியில் நிற்க, தில்லிக் கல்வி அமைச்சகத்தில் இருந்த ஒருவருக்கு அது கடுஞ்சோதனை என்பதில் ஐயமில்லை. 1967 தேர்தலில் திண்டுக்கல் மக்கள் தி.மு.க.வைத் தேர்ந்தனர். அம்மக்களை நன்றி மறந்தோர் எனப் பழிப்பது முறையன்று. மருந்து கொடுத்த கைக்கு வாக்குக் கடன் கிடையாது. அவர்கள் தீர்ப்பளித்தது ஒரு கட்சியின் மொழிக் கொள்கை மீதும் ஆட்சி மீதுமாகும்.

தோற்ற அமைச்சர்களில் எத்தனையோ பேர் அடுத்த தேர்தலை நோக்கியே நாள் கழித்ததை நாம் கண்டிருக்கிறோம். அம்மையாருக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடமும், அங்கே முடியாத வேலையும் இருந்தன. 1956-இல் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1976-இல் பல்கலைக்கழக நிலை எய்தியதை அவர் தம் கண்ணாலேயே கண்டார். 1984 அக்டோபரில் மறைந்தார். சின்னாளபட்டியில் தொடங்கிய அச்சிறு நிலையம் வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனையாயிற்று. சுற்றுச் சிற்றூர்ப் பெண்கள் இன்றும் மகப்பேற்றுக்கு அங்கேதான் வருகின்றனர்.