பாட்டுக் கணக்கு

2009 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு கூத்து நடந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பாட்டு விற்பனையில் முதலிடம் என்பது அங்கே பெரிய கௌரவப் பிரச்னை. நம்மூரில் தீபாவளிக்கு யார் படம் ஜெயித்தது என்று அடித்துக்கொள்வோமே, அது மாதிரி. 2005லிருந்து 4 வருடமாக ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்கிற டிவி போட்டியில் ஜெயித்தவரின் பாட்டுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இதைப் பார்த்துக் கடுப்பான மார்ட்டர் என்கிற தம்பதி, ஃபேஸ்புக்கில் ஆள் திரட்டினார்கள். போட்டிக்கு அவர்கள் நிறுத்தியது புதுப் பாட்டு இல்லை. 1992இல் வெளியான ‘கில்லிங் இன் தி நேம்’. பாடியது ‘ரேஜ் எகெயின்ஸ்ட் தி மெஷின்’ என்கிற அமெரிக்கக் குழு. ஆல்டர்நேட்டிவ் மெட்டல் வகையறா. கிடார் உறுமும், பாடகர் பாடமாட்டார், திட்டுவார். போலீஸ் அடாவடியையும் நிறவெறியையும் எதிர்த்து வந்த பாட்டு அது.

ஜெயித்தது. அந்த வாரம் மட்டும் 5,02,672 பிரதிகள். அத்தனையும் டவுன்லோட். போனஸாக, வீடற்றவர்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு நன்கொடை குவிந்தது. சரி, இதனால் போலீஸ் மாறியதா என்று கேட்காதீர்கள். நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு எழுதிப் பார்க்கிற புத்தி. இந்தப் பாட்டு விஷயத்தில் மட்டும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆவதே இல்லை.

நம்மூரிலும் இரண்டு பாட்டு வந்தது. இரண்டும் 2015இல்.

முதல் பாட்டு ஜூலை 30 அன்று யூடியூபில் ஏறியது. ‘கொடைக்கானல் வோன்ட்’. பாடியவர் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப். ஆங்கில ராப். மெட்டு சொந்த மெட்டு இல்லை, நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’. விஷயம் மட்டும் அக்மார்க் நம்ம விஷயம். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்தது. அமெரிக்காவில் மூடிய ஆலையை 80களில் அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து மலை உச்சியில் வைத்தது பாண்ட்ஸ் கம்பெனி. பிறகு அது யூனிலீவர் குடும்பத்துக்குப் போனது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் காயலான் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை உள்ளூர்க்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. வந்த வழியே திரும்பிப் போன சாமான் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

ஆனால் வேலை பார்த்தவர்கள் எங்கே திரும்பிப் போவது? சிறுநீரகம் போச்சு, நரம்பு போச்சு என்றார்கள். கம்பெனி, அதற்கும் ஆலைக்கும் சம்பந்தம் இல்லை என்றது. 2006இல் ஹைகோர்ட்டில் வழக்கு. வாய்தா, கமிட்டி, வாய்தா. ஒன்பது வருடம் ஓடிப்போனது.

அப்போதுதான் பாட்டு. சில நாட்களில் 10 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைவர் பால் போல்மன், தீர்வுக்கு முயன்றுகொண்டிருக்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. தப்பு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, மனிதாபிமானம் என்றது. எவ்வளவு தொகை? வெளியில் சொல்லவில்லை. வரவுப் பத்தியில் நான் எதை எழுதுவது, சொல்லுங்கள். இதைப் பாட்டின் வெற்றி என்று மட்டும் எழுதினால், 15 வருடம் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தவர்கள் செலவுப் பத்தியில் காணாமல் போய்விடுவார்கள். மண்ணில் இருக்கிற பாதரசம் முழுசாகப் போகவில்லை என்று 2018இல் சோஃபியா மறுபடி பாட வேண்டியிருந்தது. இந்த முறை கூடவே டி.எம்.கிருஷ்ணா, அம்ரித் ராவ்.

இரண்டாவது பாட்டுக்கு அனகோண்டாவும் இல்லை, மினாஜும் இல்லை. பறையும் தொண்டையும்தான். ‘மூடு டாஸ்மாக்கை மூடு’. பாடியவர் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன். கொடைக்கானல் பாட்டு வந்த மறுநாள், ஜூலை 31, காந்தியவாதி சசிபெருமாள் மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறிப் போராடியபோது செத்துப்போனார். மாநிலம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் கோவன் பாட்டு ஊர் ஊராகப் போனது. முதல்வர் ஜெயலலிதாவை நேராகவே சாடியது.

அக்டோபர் 30, விடிவதற்குள் திருச்சியில் அவரைக் கைது செய்தார்கள். பிரிவு 124ஏ. அதாவது தேசத்துரோகம். காந்திக்கும் திலகருக்கும் வெள்ளைக்காரன் போட்ட அதே பிரிவு, சாராயக் கடையை மூடச் சொன்னவருக்கு! அதுவரை பாட்டைக் கேட்காதவர்களும் அப்படி என்னதான் பாடிவிட்டார் என்று தேடிக் கேட்டார்கள். எந்த கேசட் கம்பெனியும் கொடுக்க முடியாத விளம்பரத்தை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. 2016 தேர்தலில் கட்சிகள் மதுவிலக்கு பேசின. மே 23 அன்று பதவியேற்ற கையோடு ஜெயலலிதா 500 கடைகளை மூட உத்தரவிட்டார். காலை 10 மணிக்குத் திறந்த கடை 12 மணிக்குத் திறந்தது. ஆஹா, வரவு என்று பேனாவை எடுத்தேன்.

கள்ளக்குறிச்சி வந்து கையைப் பிடித்தது.

2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே கருணாபுரம். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலி வேலை, மூட்டை தூக்குகிற ஜனங்கள். பெண்களும் உண்டு. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். எல்லார் கண்ணும் கல்வராயன் மலைமேல் போனது. வருடக்கணக்காக அங்கே ஊறல் போடுவதும், போலீஸ் ஏறிப் போய்ப் பானைகளை உடைப்பதும், மறுபடி ஊறல் போடுவதும் வாடிக்கை. மலைவாழ் ஜனங்களுக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பிழைப்பு என்ன இருக்கிறது என்று ஹைகோர்ட் தானாகவே வழக்கு எடுத்துக் கேட்டது. சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் கச்சிராயபாளையம் போக, கள்ளக்குறிச்சியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். டீக்கடைக்காரரிடம் கோவன் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ‘‘தெரியாம என்ன சார்? என் போன்லயே இருந்துச்சு’’ என்றார். டீயை ஆற்றிக்கொண்டே, ‘‘ஆனா அது கடைச் சரக்கைப் பத்துன பாட்டு. இங்க செத்தவங்க அந்தக் கடைக்குப் போகக் காசில்லாதவங்க. கடையை மூடுங்கறீங்க, மூடுனா பாக்கெட்டுதான் ஓடும்ங்கறாங்க. தொறந்து வெச்சப்பவும் பாக்கெட்டு ஓடுச்சே சார்? இதுக்கு யாரு பாட்டு எழுதுவா?’’

எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளிமலை பஸ் வந்துவிட்டது. டீ காசைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.