பழைய பிக்கப் டிரக்குகளுக்கான கூலன்ட்

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்குவது அமெரிக்க பிக்கப் உரிமையாளர்களிடம் நெடுநாளாக இருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் டெக்ஸ்-கூல் ஆரஞ்சு நிறம். 2001-ஐ ஒட்டி கிரைஸ்லர் தன் வண்டிகளில் நிரப்பத் தொடங்கியதும் ஆரஞ்சுதான், ஆனால் ரசாயனம் வேறு. கிரைஸ்லர் பயன்படுத்திய அதே ஜி-05 வகை, ஃபோர்டு வண்டிகளில் மஞ்சளாக ஓடியது. சாயத்துக்குப் பொது விதி கிடையாது. தயாரிப்பவர் விரும்பியதைக் கலக்கிறார். இருபது, முப்பது வயதான டிரக்குக்குக் கூலன்ட் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டருக்குள்ளும் என்னென்ன உலோகம் இருக்கிறது, எஞ்சின் பெட்ரோலா டீசலா என்பதைத்தான்.

பெரும்பாலான கூலன்ட்டுகளுக்கு அடிப்படை எத்திலீன் கிளைக்கால். அமெரிக்காவில் 1927-இல் பிரஸ்டோன் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் குளிர்காலத்தில் மெத்தனால் போன்ற ஆல்கஹால்களை ஊற்றுவார்கள். எஞ்சின் சூடேறினால் அவை ஆவியாகிப் போய்விடும். தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்தால் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது, சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி ஒழுங்காக இருந்தால் கொதிநிலை 129 டிகிரியை எட்டும். தண்ணீரே கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால், கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. இந்த விஷயத்தில் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டுகள் எல்லாம் ஒன்றுதான். மீதிச் சில சதவீதத்தில் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பான்களில்தான் வேறுபாடு இருக்கிறது.

பழைய பச்சைக் கூலன்ட்டில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் விரைவாக ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காக்கின்றன. ஆனால் காக்கக் காக்கத் தீர்ந்துபோகின்றன. இரண்டு ஆண்டு அல்லது 48,000 கிலோமீட்டர்தான் ஆயுள். அதற்காகப் பச்சையை மட்டமாக நினைப்பது நியாயமில்லை. வார்ப்பிரும்பு பிளாக்கும், ஈயப் பற்றாசு வைத்த செம்பு-பித்தளை ரேடியேட்டரும் கொண்ட 1970, 80களின் டிரக்குகள் இந்த வகையை நம்பியே உருவானவை. அவற்றுக்கு இன்றும் இதுவே பொருத்தம்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1996 மாடல் வாக்கில் கொண்டுவந்த டெக்ஸ்-கூலில் சிலிக்கேட் இல்லை. அதற்குப் பதிலாக அதில் உள்ள கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத் தீரும். ஐந்து ஆண்டு, 2,40,000 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டது. ஆனால் எஸ்-10 பிக்கப்பிலும் பிளேசரிலும் இருந்த 4.3 லிட்டர் வி-6 போன்ற எஞ்சின்களில் புகார்கள் குவிந்தன. கூலன்ட் மட்டம் இறங்கிக் காற்று புகுந்ததும் வார்ப்பிரும்பு துருப்பிடித்தது. இன்டேக் கேஸ்கெட்டுகளும் கசிந்தன. இது தொடர்பான வழக்குகள் 2008-இல் சமரசத்தில் முடிந்தன. அத்தகைய டிரக்கில் எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து, கழுத்தின் உட்புறத்தை விரலால் தடவினால் செங்கல் குழைத்தது போன்ற பழுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வரும். ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைப்பதும் அதுதான். டெக்ஸ்-கூல் வகை ஈயப் பற்றாசை அவ்வளவாகக் காப்பதில்லை என்பதால், பழைய பித்தளை ரேடியேட்டருக்கு நீண்ட ஆயுளை நம்பி இதை ஊற்றுவது வீண் ஆபத்து.

டீசல் டிரக்குகளில் தவறான தேர்வுக்கு எஞ்சினே விலையாகிவிடக்கூடும். ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் 1983-இல் வந்த 6.9 லிட்டர் டீசலும், 1988-இல் அதன் இடத்துக்கு வந்த 7.3 லிட்டரும் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் வடிவமைப்பு. கொள்ளளவைக் கூட்ட சிலிண்டரின் விட்டத்தை 101.6 மில்லிமீட்டரிலிருந்து 104.4 ஆக்கினார்கள்; சுவர் மெலிந்தது. டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர், தட்டிய வெண்கலப் பாத்திரம் போல அதிர்கிறது. சுவர் பின்வாங்கும் கணத்தில் அதன் வெளிப்புறத்தில் கூலன்ட்டில் நுண்குமிழிகள் தோன்றி உடனே நொறுங்குகின்றன. நொறுங்கும் விசை இரும்பைக் கொத்துகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான கொத்தல்கள். ஒருநாள் ஊசி முனையளவு துளை விழுந்து, கூலன்ட் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் மட்டம் இறங்குவதும், புகைபோக்கியிலிருந்து தித்திப்பு மணத்தோடு வெண்புகை வருவதும் அதன் அறிகுறிகள்.

இப்படித் துளை விழுவதைத் தடுப்பது நைட்ரைட். அது இரும்பின் மேல் உண்டாக்கும் கெட்டிப் படலத்தைக் குமிழிகள் பெயர்க்கும். நைட்ரைட் மறுபடி படலமிடும். அதனால்தான் அது தீர்ந்துகொண்டே போகிறது, மேல்சேர்க்கையாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சோதனைப் பட்டையை கூலன்ட்டில் நனைத்து, மாறிய நிறத்தை டப்பாவில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். பார்க்காமல் அள்ளி ஊற்றினால் உப்புகள் கட்டியாகித் தண்ணீர் பம்பின் சீலைக் கெடுக்கும். புட்டியில் ஏ.எஸ்.டி.எம். டி-6210 என்றிருந்தால் கனரக டீசலுக்குத் தேவையான பாதுகாப்பு தொடக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். டி-3306 மட்டும் இருந்தால் அது இலகு வாகனங்களுக்கானது. 1989 முதல் டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸுக்குச் சுவர் தடிமன் அதிகம், இந்தப் பயம் குறைவு.

ஜப்பானிய பிக்கப்புகளின் நிலை வேறு. தண்ணீர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்து பாஸ்பேட் சேர்க்கிறார்கள். ஐரோப்பியர்கள் தங்கள் ஊர்க் கடினநீரில் பாஸ்பேட் படிவாக இறங்குவதைக் கண்டு அதை ஒதுக்கினார்கள். பழைய ஹைலக்ஸுக்கு டொயோட்டா சொல்லும் சிவப்புக் கூலன்ட்டையே தொடர்வது நல்லது.

எந்த வகையானாலும் குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே சரி. வகை மாற்றுகிறவர்கள் பழையதை முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் எஞ்சினைப் பலமுறை ஓட்டிக் கழுவுகிறார்கள். அப்போதும் பிளாக்குக்குள் சில லிட்டர் நீர் தங்கிவிடும். இதை மறந்து ஏற்கெனவே தண்ணீர் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். மொத்தக் கொள்ளளவு 20 லிட்டர் என்றால் கலக்காத கூலன்ட் 10 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புவதே கணக்கு.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த தட்டில் விடக் கூடாது. கிளைக்கால் தித்திக்கும், நாயும் பூனையும் நக்கிச் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன, குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நாடு முழுவதும் கசப்புப் பொருள் சேர்க்க ஒப்புக்கொண்டது 2012 இறுதியில்தான். அதற்கு முன் நிரப்பிய கூலன்ட் ஒரு பழைய டிரக்கிலிருந்து வடியும்போது, அது இன்னும் தித்திப்பாகவே இருக்கலாம்.