கட்டாபெர்ச்சா: கோடரி மீது சுமத்திய பழி

மலாய்க் காடுகளில் கட்டாபெர்ச்சா மரம் அருகிப்போனதற்கு, மரத்தைச் சாய்த்துப் பாலெடுத்த காட்டுவாசிகளின் அறியாமையே காரணம் எனக் காலனியக் கால எழுத்துகள் பல கூறுகின்றன. மரத்தின் இயல்பையும் சந்தையின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் இக்கூற்று நிற்காது.

இலுப்பை, சப்போட்டா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ காடுகளுக்கு உரியது. உறைந்த பால் வெந்நீரில் இளகும், பிசைந்த வடிவத்தை ஏற்கும், ஆறினால் இறுகும். மலாய் மக்கள் இதைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840களின் தொடக்கத்தில் இப்பொருளைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். 1848இல் மைக்கேல் ஃபாரடே இதன் மின்காப்புத் திறனை எடுத்துரைத்தார். ரப்பரைப் போல இதுவும் ஐசோப்ரீன் சங்கிலிதான். ஆனால் டிரான்ஸ் அமைப்பு கொண்டதால், அறை வெப்பநிலையில் படிகமாகி இறுகிவிடுகிறது. வெயிலிலும் காற்றிலும் நொறுங்கும் இப்பொருள் இருண்ட, குளிர்ந்த கடலடியில் நெடுங்காலம் கெடுவதில்லை. 1851இல் டோவர்–கலே, 1866இல் அட்லாண்டிக், 1870இல் சென்னை–பினாங்கு எனக் கடலடியில் இட்ட இத்தந்திக் கம்பிகள் யாவும் கட்டாபெர்ச்சா உறைக்குள்தான் கிடந்தன.

ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறினால் பால் வடியும். அதே மரத்தில் மீண்டும் மீண்டும் பால்வெட்டு நடத்தலாம். கட்டாபெர்ச்சா மரத்தின் பாலோ கீறிய இடத்திலேயே விரைந்து உறையும். நின்ற மரத்தில் கிடைப்பது அற்பம். மரத்தைச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலைச் சேர்த்த முறை இந்த இயல்பிலிருந்து பிறந்தது. தரையை ஒட்டிக் கிடந்த பக்கத்துப் பால் பெரும்பாலும் வீணானது உண்மை. எதிர்த்தரப்பின் வலுவான சான்றும் அதுவே. ஆயினும் அதே மக்கள் அதே மரத்தோடு தந்திக் கம்பிகள் வருமுன்பும் வாழ்ந்தார்கள். கத்திப்பிடி தேவைப்பட்ட நாளில் காடு அழியவில்லை. கடல்களைக் கடக்கும் கம்பிகளுக்கு டன் கணக்கில் பிசின் கேட்கப்பட்டபோதே அழிந்தது. முதிர்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரத்தை விட்டுவைத்தாலும், அது தனக்கே கிடைக்கும் என்ற உறுதி சேகரிப்பவருக்கு இல்லை.

நடுவது இயலாத செயலும் அன்று. மேற்கு ஜாவாவின் சிபெத்திரில் டச்சு அரசு 1885இல் தோட்டம் தொடங்கியது. மரத்தைச் சாய்க்காமல் இலைகளிலிருந்து பிசின் பிரிக்கும் ஆலையும் பின்னர் அங்கே இயங்கியது. ஆனால் தோட்டம் தொடங்குவதற்குள் கம்பித் தொழில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டு மரத்தையே தின்றிருந்தது. கம்பியால் பெருத்த இலாபத்தில் ஒரு பங்கு முன்பே நாற்றங்காலுக்குப் போயிருக்கலாம். 1933இல் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் கம்பியுறையாக இதன் இடத்தைப் பிடித்தபின், கட்டாபெர்ச்சா முதன்மையாகப் பல்வேர்ச் சிகிச்சையில் வேர்க்குழலை அடைக்கும் பொருளாக நீடிக்கிறது.