பெயரும் பட்டையும்: கல்வராயன் மலை வட்டாரச் சான்றுகளின் வழி வேட்டை நாயைக் கட்டுப்படுத்தும் முறைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வேட்டை நாய் தன்னை வளர்ப்பவனின் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டாத தொலைவில் செயல்படும் விலங்கு. அத்தொலைவைக் கடப்பதற்கு இன்று விற்கப்படும் கருவி மின்னணுப் பயிற்சிக் கழுத்துப்பட்டை ஆகும். அதனைத் தேர்வு செய்வோர் எட்டும் தூரம், விசை, விலை ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொள்கின்றனர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் சூழ்ந்த பகுதியின் இலக்கிய, கல்வெட்டு, வழக்காற்றுச் சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நாயின் செயலுக்கு யார் பொறுப்பு என்ற வினாவே இம்மரபில் முதன்மை பெற்றது என்பதும், இன்றைய தேர்வுக்கும் அதுவே அளவுகோலாக அமைய வேண்டும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: வேட்டை நாய், நடுகல், ஞமலி, கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினர், கழுத்துப்பட்டை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டு உருவானது கள்ளக்குறிச்சி மாவட்டம். அதன் மேற்கே ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரியும் கல்வராயன் மலை, சேலம் முதலிய அண்டை மாவட்டங்களிலும் பரவியுள்ளது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டத்தில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். காடும் கொல்லையும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலத்தில் நாய் காவலுக்கும் வேட்டைக்கும் உரிய விலங்காக இருந்து வந்துள்ளது.

தமிழர் வாழ்வில் நாய் பெற்ற இடம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நடுகல், நாட்டு நாய் இனங்கள் என்னும் இரு தளங்களில் நிகழ்ந்துள்ளன. நாயை மனிதன் எவ்வாறு ஆண்டான், அது தொலைவில் இருக்கும்போது எதனை நம்பினான் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. மின்னணுப் பட்டை சந்தைக்கு வந்துள்ள இக்காலத்தில் அவ்வினா நடைமுறைத் தேவையாகவும் ஆகியுள்ளது.

இலக்கியச் சான்றுகள்: வலை, தொடர், குரல்

நாயைக் கொண்டு வேட்டையாடும் முறையைத் தெளிவாக விளக்கும் நூல்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. எயினர் இரவில் நீர்நிலைக்கு அருகே குழியில் பதுங்கிப் பன்றிக்காகக் காத்திருப்பர். அவ்வேட்டை வாய்க்காதபோது பகலில் நாய்களுடன் புறப்படுவர். அவர்கள் புதர்களை அலைத்து முயல்களை வெருட்டி, முன்னரே வேலிபோலப் பிணைத்துக் கட்டிய வலைகளில் அகப்படுத்துவர். இங்கு நாய் ஓடும் எல்லையை வரையறுப்பது வலையாகும். நாயின் கழுத்தில் எதுவும் பூட்டப்படுவதில்லை. அது ஓடும் களமே முன்கூட்டி அமைக்கப்படுகிறது. நாய் பிடித்து வந்த உடும்பு விருந்தினருக்கு உணவாகும் செய்தியும் இந்நூலில் உண்டு. பிடித்ததை வீட்டிற்குக் கொண்டுவரும் அளவுக்கு நாய்கள் பழக்கப்பட்டிருந்தமையை இதனால் அறியலாம்.

நாயைப் பிணிக்கும் சங்கிலியைச் சங்க நூல்கள் ‘தொடர்’ என்று சுட்டுகின்றன. ஆனால் அது வேட்டைக் களத்தில் காட்டப்படவில்லை. குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடலாகக் கருதப்படும் புறநானூற்று 74ஆம் பாட்டில் சங்கிலியால் கட்டுண்ட நாய் இழிவின் உவமையாக வருகிறது. கட்டப்பட்ட நாயைச் சிறையோடும், அவிழ்த்துவிடப்பட்ட நாயை வேட்டையோடும் இணைத்துக் காணும் பார்வை இச்சான்றுகளில் புலப்படுகிறது.

அவிழ்த்துவிட்ட நாய் வளர்ப்பவனுக்கு முன்னே ஓடிவிடும். இதனால் விளையும் இடரைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு காட்டுகிறது. தினைப்புனம் காக்கும் மகளிரைச் சினம் மிக்க வேட்டை நாய்கள் சூழ்ந்துகொள்ள, அவர்கள் அஞ்சி நடுங்குகின்றனர். தலைவன் பின்னர் வந்து அவர்களது அச்சம் தீருமாறு இனிய சொற்களைக் கூறுகிறான். நாய் முன்னே செல்வதும், உரியவன் பின்னே வந்து அதற்கு விடை சொல்வதும் இக்காட்சியின் அமைப்பாகும். அகப்பொருள் நோக்கில் இது தலைவன், தலைவி சந்திப்பிற்கான வாயில். சமூக வரலாற்று நோக்கிலோ நாய் விளைத்த அச்சத்திற்கு அதன் உரிமையாளன் நேரில் வந்து பொறுப்பேற்கும் நிகழ்ச்சியாகிறது. இப்பாட்டை இயற்றிய கபிலர் உயிர் நீத்த இடமாக மரபு கூறும் திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

கல்வெட்டுச் சான்றுகள்: பெயர் பெற்ற நாய்கள்

கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. இவ்வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட இக்கல்லில் நாயின் உருவமும் இடம்பெற்றுள்ளது. கோவிவன் என்று படிக்கப்படும் பெயருடைய அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி தனியே பொறிக்கப்பட்டுள்ளது.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, நாய்க்குப் பெயர் இருந்தது. பெயர் என்பது அழைப்பதற்கு உரியது. தொலைவில் உள்ள நாயையும் மனிதனையும் இணைக்கும் முதற் கருவி அதுவே. இரண்டாவது, நாயின் செயல் வீரனின் செயலுக்குள் அடக்கப்படாமல் நாயின் செயலாகவே பதிவாகியுள்ளது. கோவிவன் காவல் நாய், வேட்டை நாயன்று. எனினும் ஏவுவோர் அருகில் இல்லாத நிலையிலும் ஒரு நாய் தன் கடமையில் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இக்கல் சான்றாகிறது.

வேட்டை நாய்க்கு எடுக்கப்பட்ட கல்லுக்குத் தெளிவான சான்று கருநாடக மாநிலத்தின் ஆதகூர்க் கல்வெட்டாகும். இதற்கும் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு. சோழ இளவரசன் இராசாதித்தன் படையுடன் தங்கியிருந்த திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர் இம்மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டைப் பகுதியில் அமைந்துள்ளது. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் இராசாதித்தன் இறந்தான். அப்போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணைநின்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன் தன் வீரத்திற்குப் பரிசாகக் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாயை. பின்னர் ஒரு பெரும் பன்றியின் மீது அந்நாய் ஏவப்பட்டபோது இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மணலேரன் ஆதகூரில் கோயிலின் முன் காளிக்குக் கல் நாட்டி நிலமும் அளித்தான். அக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்ணும் பூசகருக்கு அந்நாயின் பாவம் சேரும் என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஏவியவன் நாயின் இறப்பைத் தனக்குரிய கடனாக ஏற்றுக்கொண்டதை இக்கொடை காட்டுகிறது.

வழக்காற்றுச் சான்று: தனியே திரும்பிய நாய்கள்

மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் எனக் கூறுவர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார் பற்றிய கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. காலனியக் கால இனவரைவியல் பதிவுகளில் காணப்படும் ஒரு வடிவத்தின்படி, வேட்டைக்குச் சென்ற மூவரும் பெருமழையால் காட்டில் தங்க நேர்ந்தது. அவர்களுடைய வேட்டை நாய்கள் மட்டும் வழி கண்டு வீடு திரும்பின. நாய்கள் தனியே வந்ததைக் கண்ட மனைவியர் கணவர் இறந்தனர் எனக் கருதித் தீயில் உயிர் நீத்தனர். திரும்பி வந்த மூவரும் வேறு மணம் புரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர்.

தொன்மக் கதையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது. ஆயினும் அது எந்த அச்சத்தைப் பேசுகிறது என்று காண இயலும். குறிஞ்சிப்பாட்டில் நாய் உரியவனுக்கு முன்னே சென்றுவிடுகிறது. இக்கதையில் உரியவன் இன்றித் திரும்பி வருகிறது. இரண்டிலும் நாய்க்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட தொலைவே இடரின் காரணம். மகளிர் உயிரிழந்தமைக்கு நாயின் குற்றம் எதுவும் இல்லை. நாய் கொண்டுவந்த செய்தி முழுமையற்றதாக இருந்ததே காரணம். நாய் எங்கே, அதன் உரியவன் எங்கே என்னும் இரு செய்திகளும் ஒருங்கே கிடைக்காத நிலையின் துயரை ஓர் இனக்குழுவின் தோற்றக் கதை நினைவில் வைத்துள்ளது.

மின்னணுப் பட்டையின் தோற்றமும் இயல்பும்

மின்னணுப் பயிற்சிப் பட்டை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வேட்டை நாய்களுக்கான வணிகப் பொருளாகப் பரவியது. வளர்ப்பவரின் கையில் அலைபரப்பியும் நாயின் கழுத்தில் அலைவாங்கியும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பட்டையின் உட்புறமுள்ள இரு உலோக முனைகள் வழியாகக் கழுத்துத் தோலில் மின்தூண்டல் உண்டாகும். பின்வந்த பட்டைகளில் ஒலி, அதிர்வு, செயற்கைக்கோள் வழி இடங்காட்டல் ஆகிய வசதிகளும் சேர்க்கப்பட்டன. ஆகவே ஒரே பெயரால் விற்கப்படும் பொருளில் மூன்று வேறு பணிகள் அடங்கியுள்ளன: நாயை அழைத்தல், நாய் இருக்கும் இடத்தை அறிதல், நாய்க்கு வலி தருதல்.

வாங்குவோர் பொதுவாக நோக்கும் அளவுகோல்கள் எட்டும் தூரம், விசையின் படிநிலைகள், பட்டையின் எடை, நீர் புகாத்தன்மை, மின்கலம் நீடிக்கும் நேரம் என்பன. கல்வராயன் போன்ற மலைப்பகுதியில் விளம்பரம் கூறும் தூரத்தை அப்படியே ஏற்க இயலாது. இக்கருவிகளின் வானொலி அலைகள் பெரிதும் நேர்க்கோட்டில் செல்வதால், இடையே மலைமுகடும் அடர்ந்த மரங்களும் வரும்போது எட்டும் தூரம் குறைந்துவிடும். பட்டையை நெடுநேரம் கழற்றாமல் விட்டால் உலோக முனைகள் அழுத்தும் இடத்தில் புண் உண்டாகும்.

அடிப்படையான சிக்கல் இவற்றினும் வேறானது. நாய் கண்ணில் படாத நிலையில் மின்தூண்டல் தருபவருக்கு அந்நேரத்தில் நாய் என்ன செய்கிறது என்று தெரியாது. தான் எதற்காக வலியுற்றது என்பதை நாயும் தவறாகப் பொருத்திக்கொள்ளக்கூடும். தன்னை எறிந்தவனின் வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வால் குழைப்பது நாயின் இயல்பு என்று நாலடியார் அதன் நன்றியைப் போற்றுகிறது. அவ்வியல்பே வலியைக் கண்டறிவதைக் கடினமாக்குகிறது. நாய் தொடர்ந்து பணிவதைக் கொண்டு அது துன்புறவில்லை என முடிவு செய்ய இயலாது. செருமனியின் கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் 2006இல் வலி தரும் மின்கருவிகளை நாய்ப் பயிற்சியில் பயன்படுத்துவது விலங்குநலச் சட்டத்திற்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வேல்சு நாடு 2010இல் மின்தூண்டல் பட்டைகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

சட்டமும் மலைவாழ்வும்

கல்வராயன் மலை நெடுங்காலம் சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976இல் அரசின் நேரடி நிருவாகத்திற்குள் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிக்கவில்லை. துரத்துதல், வெருட்டி ஓட்டுதல், பொறிவைத்தல் ஆகியனவும் அவற்றுக்கான முயற்சிகளும் அதில் அடங்கும். ஆயுதம் என்பதன் வரையறையில் வலையும் இடம்பெறுகிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் நாயும் வலையும் கொண்ட முயல் வேட்டை இன்று முழுமையாகக் குற்றச் செயலாகும்.

ஆகவே இம்மலையில் வேட்டைக்கென்று ஒரு பட்டையைத் தேர்வு செய்வது, சட்டம் மூடிய ஒரு செயலுக்குக் கருவி தேடுவதாகும். வேறொரு நாட்டில் உரிமம் பெற்ற வேட்டையாளருக்காக எழுதப்படும் வாங்குதல் வழிகாட்டிகள் இங்குப் பொருந்தா. நாய்க்குத் தேவையற்ற வலி தருவதும், அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்களாகும். நாயைக் காட்டில் ஏவவும் இயலாது. ஓயாமல் கட்டிவைக்கவும் கூடாது என்னும் நிலையில் மலைக்கொல்லையைக் காக்கும் உழவர் உள்ளார். அவரது நாய் பன்றியைத் துரத்திக்கொண்டு காப்புக்காட்டிற்குள் சென்றால் விடை கூற வேண்டியவரும் அவரே. நாயைக் கொல்லை எல்லையிலிருந்து திரும்ப அழைப்பதே அவருக்கு உண்மையில் வேண்டுவது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளில் நாயைக் கட்டுப்படுத்தும் முறைகள் பலவாக உள்ளன. வலை நாய் ஓடும் களத்தை வரையறுத்தது. பெயர் நாயை அழைத்தது. சங்கிலி சிறையின் அடையாளமாயிற்று. நாயின் செயலுக்கு மனிதன் விடையளித்தான் என்பது குறிஞ்சிப்பாட்டிற்கும் ஆதகூர்க் கல்லுக்கும் பொதுவானது. மின்னணுப் பட்டை அழைத்தலையும் தேடலையும் எளிதாக்கும் அளவில் இம்மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது. காணாத இடத்திலிருந்து வலி தரும் அளவில் அது சங்கிலியின் தொடர்ச்சியே.

எனவே கல்வராயன் மலை போன்ற பகுதியில் காவல் நாய்க்குப் பட்டை தேர்வு செய்வோர் முதலில் காண வேண்டியது தூரத்தையோ விசையையோ அன்று. வலி தரும் அமைப்பு இல்லாததாகவும், குரலுக்குத் துணையாக ஒலியோ அதிர்வோ தருவதாகவும், நாய் இருக்கும் இடத்தைக் காட்டுவதாகவும், நாளும் கழற்றி மாட்டத்தக்க எடை குறைந்ததாகவும் அது இருத்தல் வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும் பழக்கம் குட்டிப் பருவத்திலேயே ஊட்டப்பட்ட நாய்க்கு அக்கருவியும் மிகைத் துணையே. இவ்வட்டார மக்கள் நாய்களை அழைக்கும் ஒலிக்குறிப்புகளும், நாய்களுக்கு இடும் பெயர்களும், பழக்கும் முறைகளும் கள ஆய்வின் வழித் தொகுக்கப்படுமாயின், எடுத்தனூர்க் கல்லில் தொடங்கும் இவ்வரலாற்றின் அண்மைக் காலப் பகுதியும் துலக்கம் பெறும்.