நான் காட்டத் தவறிய கல்



ஞாயிறன்று நூலகத்தில் வரலாற்று ஆர்வலர்கள் நடத்திய கூட்டத்துக்குப் போயிருந்தேன். செங்கம் வட்டார நடுகற்களைப் பற்றிய பேச்சு.

எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டவன் கருந்தேவகத்தி. அவனோடு இருந்த நாய் கோவிவன், திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். அந்த நாயின் பெயரையும் வெட்டி, உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

மகேந்திரவர்மன் என்றதும் மண்டகப்பட்டு, மத்தவிலாசம் என்று உங்களை மனப்பாடம் செய்யவைத்தேன். பக்கத்தில் இருந்த இந்தக் கல்லை ஒருநாளும் காட்டவில்லை. தவறு என்னுடையதுதான்.

உங்கள் ஊரில் வேடியப்பன் என்று கும்பிடும் கல் இருந்தால் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். கும்பிட்டபின் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.