சென்னைக்குப் பக்கம் மதுரையா, யாழ்ப்பாணமா?

சென்னையிலிருந்து விமானத்தில் போனால் எது பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா? யாரைக் கேட்டாலும் மதுரை என்றுதான் சொல்வார்கள். அட்லஸையும் ஒரு ஸ்கேலையும் எடுத்து வைத்துப் பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் சுமார் 355 கி.மீ.தான்! இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் மதுரைக்குத் தென்மேற்காகச் சாய்ந்து போகவேண்டும், பலாலிக்கு நேர் தெற்கே பறந்தால் போதும்.

தூரம் மாறாது. பயண நேரம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

பலாலி, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, சென்னைக்கு வந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கே இன்னும் இரண்டு மாதம் இருந்தது! அது டகோட்டா விமானம். மணிக்கு 300 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்.

1983க்குப் பிறகு போர் மூண்டது. பலாலி ராணுவத்தின் கோட்டையானது. 1990ல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். கொழும்புக்குப் போகும் உள்நாட்டு விமானங்கள் மட்டும் இடையிடையே ஓடின. அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பயணம்தான். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் 55 பேருடன் மன்னார்ப் பக்கம் கடலில் விழுந்தது.

சென்னையிலிருந்து போகிறவர் என்ன செய்வார்? கட்டுநாயக்காவுக்குப் பறக்க வேண்டும். அதாவது யாழ்ப்பாணத்தின் நேர்க்கோட்டைத் தாண்டி இன்னும் 290 கி.மீ. தெற்கே போய் இறங்கி, பிறகு சுமார் 400 கி.மீ. சாலையில் வடக்கே திரும்பி வரவேண்டும். 355 கி.மீ. பயணம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பஸ்ஸில் மட்டும் ஏழெட்டு மணி நேரம். அதுவும் ஏ9 சாலை திறந்திருந்தால்தான்... 1990 முதல் 2002 வரையும், மறுபடி 2006 முதல் 2009 வரையும் அந்தச் சாலை மூடப்பட்டிருந்தது.

போர் முடிந்தது 2009ல். பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதோ 2019 அக்டோபர் 17ல். பத்து வருடத் தாமதத்துக்குப் போரைக் காரணம் சொல்ல முடியாது. அன்று சென்னையிலிருந்து வந்து இறங்கியது அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் விமானம். நவம்பர் 11 முதல் வழக்கமான சேவை தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, 2022 டிசம்பர் 12ல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

அட்டவணையில் பயண நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. டகோட்டா காலத்துக் கணக்கேதான்! ஏடிஆர் அதைவிட வேகமானது, ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறுவதும் இறங்குவதுமே மிச்ச நேரத்தைத் தின்றுவிடும். இரு நாட்டுக் கடிகாரமும் 2006 முதல் ஒன்றுதான் என்பதால் கூட்டல் கழித்தல் வேலையும் இல்லை.

வலிகாமம் வடக்கு நிலங்கள் முழுவதும் இன்னும் திரும்பவில்லை. 2024லும் ஒரு பகுதி ராணுவத்தின் கையில்தான் இருந்தது.