லண்டன் மேம்படுத்தல் விலை வைக்காத மோதல்

2015 நவம்பரில் எத்தேரியம் என்ற பிளாக்செயினின் டெவ்கான்-1 மாநாடு லண்டன் பிஷப்ஸ்கேட்டிலுள்ள கிப்சன் ஹாலில் நடந்தது. 1865-இல் நேஷனல் புரொவின்ஷியல் வங்கிக்காகக் கட்டிய மண்டபம் அது. 2021 ஆகஸ்ட் 5 அன்று வந்த மேம்படுத்தலுக்கும் அந்த மாநாட்டு நகரின் பெயரையே வைத்தார்கள். லண்டன் மேம்படுத்தல் பரிவர்த்தனைகள் அடங்கும் பிளாக்கிலுள்ள இடத்துக்கு ஒழுங்கான விலை வைத்தது. பரிவர்த்தனைகளுக்குள் மூளும் மோதலுக்கு வைக்கவில்லை. அந்த மோதலைக் கையாளும் வழிகளைத் தரவுத்தள ஆய்வு முன்பே கண்டிருக்கிறது என்பதே என் வாதம்.

வெம்பிளியில் ஒருவர் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு எத்தேரியம் வழியே பணம் அனுப்புகிறார். அதே பிளாக்கில் ஈஸ்ட் ஹாமிலிருந்து இன்னொருவர் மதுரை நண்பருக்கு அனுப்புகிறார். நான்கும் வெவ்வேறு கணக்குகள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனையும் முடிந்த கையோடு அதன் முன்னுரிமைக் கட்டணம் அந்த பிளாக்கில் கட்டணம் பெறுவதற்கெனக் குறித்த கணக்கில் ஏறுகிறது. எந்தக் கணக்கைப் படித்தது, எதில் எழுதியது என்று அப்படியே ஒப்பிட்டால் எல்லாப் பரிவர்த்தனைகளும் அந்த ஒரே கணக்கில் மோதும். இணையாக ஓட்டிய உழைப்பு வீண்.

கிப்சன் ஹாலுக்குச் சிறிது தூரத்தில், லொம்பார்ட் தெருவில், வங்கிகளின் கிளியரிங் ஹவுஸ் இருந்தது. எழுத்தர்கள் காசோலைகளை மாற்றிக்கொண்டு, நாள் முடிவில் மிச்சத்தை மட்டும் தீர்த்தார்கள். எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது. 1986-இல் பேட்ரிக் ஓ'நீல் முன்வைத்த எஸ்க்ரோ முறை இந்த இயல்பையே தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்தது. நம் சிக்கலுக்கும் அது பொருந்தும்: கட்டணங்களைத் தனியே குறித்துவைத்து, பிளாக் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் யாராவது அந்தக் கணக்கின் இருப்பைப் படித்தால் மட்டும் காத்திருந்தால் போதும். லண்டன் மேம்படுத்தல் எரித்துவிடும் அடிப்படைக் கட்டணம் யார் கணக்கிலும் ஏறாததால், அது இந்த மோதலை உண்டாக்குவதில்லை.

மற்ற மோதல்களுக்கு 1981-இல் குங், ராபின்சன் இருவரும் எழுதிய நன்னம்பிக்கை முறை உதவும்: பூட்டு போடாமல் ஓட்டு, பிறகு சரிபார், பிசகினால் மறுபடி ஓட்டு. தரவுத்தளத்துக்கு ஏதேனும் ஒரு வரிசைக்கு ஈடான விளைவு கிடைத்தால் போதும். பிளாக்செயினிலோ எல்லாக் கணினிகளும் ஒரே வரிசையின் விளைவை எட்டியாக வேண்டும். இது சுமையாகத் தெரிந்தாலும், பரிவர்த்தனைகளை இணையாக ஓட்ட 2022-இல் வந்த பிளாக்-எஸ்டிஎம் என்ற முறை அதையே வசதியாக்கிக்கொண்டது. முன்வரிசைப் பரிவர்த்தனை எது என்பது முன்கூட்டியே தெரிவதால், மோதலில் எதை மறுபடி ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மோதல் குறைந்த சோதனைகளில் இணையாக ஓடும் 32 இழைகளில் 20 மடங்கு வரை வேகம் கிடைத்தது.

கணக்கீடு மட்டுமே தடை அல்ல, வட்டிலிருந்து கணக்குகளின் நிலையைப் படிப்பதும் தடைதான் என்று மறுப்பார்கள். சரிதான். ஆனால் இணையாக ஓட்டும்போது அந்தப் படிப்புகளும் ஒரே நேரத்தில் நடந்துவிடும்.

உண்மையில் தீராதது, இரு நாணயங்களின் இருப்பை வைத்து ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் நாணய மாற்றுக் குளம். அங்கே ஒவ்வொரு மாற்றும் இருப்பைப் படித்து, விலையை நகர்த்தி, மீண்டும் எழுதுகிறது. வரிசைதான் விலை. கூட்டல் தந்திரம் அங்கே செல்லாது. அப்படியானால் காத்திருப்பின் செலவை அந்தக் குளத்தைத் தொடுபவர்களிடமே வாங்க வேண்டும். சோலானா என்ற பிளாக்செயினில் தொடும் கணக்குகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதால் இது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. எத்தேரியத்தில் 2021 ஏப்ரலில் வந்த, தொடும் கணக்குகளைச் சொல்லும் அணுகல் பட்டியல் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதைக் கட்டாயமாக்காவிட்டாலும், பட்டியல் தருபவர்களுக்குக் கணிசமான கட்டணச் சலுகை கொடுக்கலாம். குளத்தின் நெரிசலுக்கு வெம்பிளிக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும்?